டர்பன்–ஜோகன்னஸ்பர்க் பழைய மோட்டார்சைக்கிள் ஓட்டம்: எங்கே நின்று பார்ப்பது?

ஃபீனிக்ஸ்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். டிஜே ரன் என்று சொல்கிறார்களே, 1936 வரைக்கும் செய்த மோட்டார்சைக்கிள்களை டர்பன் பக்கத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவது, அதை இந்தத் தடவை பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பன்னிரண்டு வயது, வண்டி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. ஹில்கிரெஸ்டில் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதுமா, இல்லை வழியில் வேறு எங்காவது நிற்பது நல்லதா? போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையரோடு103

கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். புறப்படும் இடத்தில் எல்லா வண்டியும் வரிசையாக நிற்கும், கிட்டப் போய்த் தொடாமல் பார்க்கலாம், ஓட்டுபவர்களோடு பேசலாம், அது நல்லதுதான். ஆனால் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். நிற்கிற நார்ட்டன் வண்டியை மியூசியத்திலும் பார்க்கலாம். தொண்ணூறு நூறு வயது எஞ்சின் மூச்சு வாங்கி மேடு ஏறுவதைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் நான் போகிறேன்.

ஹில்கிரெஸ்டிலிருந்து போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இஞ்சாங்கா, கேட்டோ ரிட்ஜ் என்று பழைய மெயின் ரோடு போகிறது இல்லையா, காம்ரேட்ஸ் மாரத்தான்காரர்கள் ஓடுகிற அதே ரோடு. டிரம்மண்டில் இறங்கி இஞ்சாங்காவில் ஏறும் அந்த இடத்தில் பையனை நிறுத்துங்கள். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே சத்தம் வந்துவிடும். ஒற்றை சிலிண்டர் 500 சிசி வண்டியில் ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாக எண்ணலாம், அவ்வளவு நிதானமாக அடிக்கும். டக்ளஸ் மாதிரி இரட்டை சிலிண்டர் படுத்த நிலையில் இருக்கும் வண்டியின் சத்தம் வேறு, மெதுவாகத் தைக்கிற மாதிரி. ஹார்லி, இண்டியன் இரண்டும் வந்தால் நிலமே கொஞ்சம் அதிரும்.

அப்புறம் ஓட்டுபவரின் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கால வண்டிகள் நிறையவற்றில் கியர் காலில் கிடையாது, பெட்ரோல் டேங்க் பக்கத்தில் ஒரு நீளமான பிடி, அதைக் கையால்தான் தள்ள வேண்டும். ஹாண்டில்பாரில் காற்றுக்கு ஒரு குட்டிப் பிடி, பெட்ரோலுக்கு ஒன்று, ஸ்பார்க்கை முந்த வைக்கவும் பிந்த வைக்கவும் இன்னொன்று. மேட்டில் எஞ்சின் திணற ஆரம்பித்ததும் ஸ்பார்க்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பார்கள், திணறல் அடங்கும், பிறகு கியரைக் குறைப்பார்கள். இவ்வளவும் இரண்டு கைகளில், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னொன்று, பின்னால் வருகிற புகை. 1920களின் வண்டிகள் பலவற்றில் எண்ணெய் சுற்றி வந்து திரும்ப டேங்குக்குப் போவதில்லை. எஞ்சினுக்குள் போகும், எரிந்தும் ஒழுகியும் வெளியேறும், திரும்பாது. சிலவற்றில் ஓட்டுபவரே வழியில் கைப்பம்பை அழுத்தி எண்ணெய் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். மெல்லிசாக நீலப் புகை தெரிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். மேட்டில் புகையே இல்லாமல் ஒரு வண்டி ஏறினால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும், பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்வது அப்படித்தான்.

வெருலம்_தங்கச்சி

அண்ணா, இது ரேஸ் இல்லையா? முதலில் போய்ச் சேருகிறவர் ஜெயிப்பதில்லையா?

மேக்னெட்டோ_மாமா

ஒரு காலத்தில் ரேஸ்தான் தங்கச்சி. 1913 இல் ஆரம்பித்து 1936 வரைக்கும் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் நடுவே சாதாரண மண் ரோட்டில், மாடும் மாட்டுவண்டியும் போகிற ரோட்டில், முழு வேகத்தில் ஓட்டினார்கள். வண்டிகளின் வேகம் கூடிக்கொண்டே போனது, பொது ரோட்டில் அப்படி ஓட்டுவது ஆபத்து என்று ஆனது, 1936 ஓட்டத்தோடு நின்றது. 1970 இல் அதன் நினைவாக மறுபடி தொடங்கியபோது வேகப் போட்டியாக இல்லாமல் நேரக் கணக்குப் போட்டியாக மாற்றினார்கள். பழைய ரேஸில் ஓடியிருக்கக்கூடிய வண்டிகள் மட்டும்தான் வரலாம் என்பதால்தான் 1936 டிசம்பர் 31 என்று எல்லை வைத்திருக்கிறார்கள்.

இப்போது எப்படி என்றால், ஒவ்வொருவருக்கும் அவரவர் வண்டியின் வலுவுக்குத் தகுந்த சராசரி வேகம் கொடுத்துவிடுவார்கள். இந்த இடத்துக்கு இத்தனை மணி இத்தனை நிமிடம் இத்தனை வினாடிக்கு வர வேண்டும் என்று கணக்கு. வழியில் எங்கே நேரம் குறிக்கிறார்கள் என்று ஓட்டுபவருக்குத் தெரியாது, ஒரு மரத்தடியிலோ பாலத்துக்கு அந்தப் பக்கமோ உட்கார்ந்திருப்பார்கள். பிந்தி வந்தாலும் புள்ளி போகும், முந்தி வந்தாலும் புள்ளி போகும், வினாடிக்கு இவ்வளவு என்று. அதனால் மெதுவாகப் போகிற சின்ன வண்டிக்காரர் பெரிய வண்டிக்காரரைத் தோற்கடிக்கலாம். நடுவில் பஞ்சர் ஆகி நேரம் போனால் அதை எப்படி ஈடுகட்டுவது என்பதும் அவர் தலைவலி. சுமார் 650 கிலோமீட்டர் இப்படி, இரண்டு நாள், நடுவில் நியூகாசிலில் ஓர் இரவு.

இதைச் சுலபம் என்று நினைக்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலியும், பெட்ரோல் அளவு அப்படியே இருக்கும், கலவை கெட்டியாகி பிளக் கறுக்கும், வலு குறையும். ஆயிரம் மீட்டர் ஏறினால் பத்தில் ஒரு பங்கு வலு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் இருக்கிற வண்டிக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம்! கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு அளவு சின்னதாக மாற்றுவார்கள் சிலர், சிலர் காற்றுப் பிடியைத் திறந்தே சமாளிப்பார்கள்.

லெனேசியா_குமரன்

நான் கொஞ்சம் வெளிப்படையாகக் கேட்கிறேன், யாரும் வருத்தப்படாதீர்கள். இந்த ஓட்டத்தில் நம் ஆட்களை நான் பார்த்ததில்லை. 1913 இல் அந்த ரேஸ் ஓடியவர்கள் யார், அப்போது நம் தாத்தாக்கள் எங்கே இருந்தார்கள்? கரும்புத் தோட்டத்திலும் சுரங்கத்திலும். வெள்ளைக்காரர்கள் ஓட்டி மகிழ்ந்த ரோட்டில் நம் ஆட்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல், டர்பன் இருக்கும் நேட்டாலை விட்டு ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வாலுக்குள் கால் வைக்க முடிந்ததில்லை. என் அப்பா கல்யாணத்துக்குப் பெண் பார்க்க டர்பனிலிருந்து வந்தபோதுகூட பெர்மிட் வாங்கித்தான் வந்தார், 1975 வரைக்கும் அதுதான் நிலைமை. அப்படி இருக்கும்போது நாம் ரோட்டோரம் நின்று கை தட்ட வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது.

பழையரோடு103

குமரன் தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். பெர்மிட் கதை என் வீட்டிலும் உண்டு. ஆனால் எனக்கு அதே காரணத்தால்தான் அந்த ரோட்டில் நிற்கத் தோன்றுகிறது. இஞ்சாங்காவில் நிற்கும்போது ஓட்டுபவர்களை மட்டும் நான் பார்ப்பதில்லை. ரோட்டையும் பார்க்கிறேன். இன்றைக்கு ஓட்டம் போகும் வழியைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க், 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர். ஹோவிக் தாண்டி ஆர்103 ரோட்டில் 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலாவைப் பிடித்த இடம், அந்த ரோட்டோரத்திலேயே இப்போது நினைவிடம் இருக்கிறது. மூயி ரிவர், எஸ்ட்கோர்ட், லேடிஸ்மித், பிக்கர்ஸ்பெர்க் மலை, நியூகாசில். ஒவ்வொரு ஊரிலும் நம் கதை இருக்கிறது. அந்த ரோட்டை யாரோ ஒருவருடைய பொழுதுபோக்குக்கு முழுசாக எழுதிக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

வண்டி விஷயமும் அப்படித்தான். நார்ட்டனைச் செய்தவர் பர்மிங்காம்காரர், வாங்கியவர் வெள்ளைக்காரர், சரி. ஆனால் டர்பனிலும் மாரிட்ஸ்பர்க்கிலும் கொல்லைப்புறத்துக் கொட்டகையில் அந்த வண்டிகளின் பேரிங்கைத் தட்டி மாற்றி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்து, பணம் இல்லாதவனுக்குக் கடனுக்கு ஓட வைத்துக் கொடுத்தவர்கள் நம் தெருவிலும் இருந்தார்கள். என் மாமனாரின் அண்ணன் அப்படி ஒருவர். எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இருக்காது. அந்தச் சத்தம் கேட்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அவர்தான்.

நியூகாசில்காரன்

குமரன், பழையரோடு அண்ணா, நடுவில் நுழைகிறேன், எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

முதல் ரேஸ் நடந்த அதே 1913 இல், அக்டோபர் மாதம், எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கங்களில் நம் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் இங்கேயே இருந்தால் ஆளுக்கு வருடம் மூன்று பவுன் தலைவரி, அதை எதிர்த்து. சுரங்கத்து ஆட்களைப் போய்க் கிளப்பிவிட்டது டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பிடித்து மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதம் கடுங்காவல் போட்டார்கள். காந்தியோடு போராடிய தம்பி நாயுடு இங்கே இருந்து வேலைநிறுத்தத்தைக் கட்டி இழுத்தார். சுரங்க முதலாளிகள் குடியிருப்பில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தியதும் தொழிலாளர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சார்லஸ்டவுன் வரைக்கும் நடந்தார்கள். அங்கிருந்து நவம்பர் 6 காலையில் டிரான்ஸ்வால் எல்லை தாண்டி வோல்க்ஸ்ரஸ்ட் பக்கம் போனவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தியே எழுதி வைத்திருக்கிறார். ஆளுக்கு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் கொஞ்சம் சர்க்கரையும்.

தில்லையாடி வள்ளியம்மையும் வோல்க்ஸ்ரஸ்டில் தண்டிக்கப்பட்டு மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனவர்தான். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 இல் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார், பதினாறு வயது. பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் இருக்கிறார்.

ஓட்டத்தின் இரண்டாம் நாள் காலையில் வண்டிகள் நியூகாசிலை விட்டு லெயிங்ஸ் நெக் கணவாய் ஏறி வோல்க்ஸ்ரஸ்ட் போகின்றன. அவர்கள் நடந்த அதே பக்கம். நான் என் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறேன், வண்டி வருவதற்கு முன்னால் இதைச் சொல்கிறேன், அப்புறம் வண்டிகள் வருகின்றன. இரண்டும் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, இதில் எதை விட வேண்டும்? பிள்ளைகள் இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும்.

லெனேசியா_குமரன்

அப்பா சொன்ன பெர்மிட் சோதனை வோல்க்ஸ்ரஸ்டில்தான் நடந்தது. நீங்கள் சொன்ன பிறகு அந்த இடத்துக்கே போய் நிற்க வேண்டும் போல் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அதிகாலையில் கிளம்பினால் வந்துவிடலாம். அப்பாவையும் கூட்டி வருகிறேன். ஆனால் என் முதல் கேள்வியை நான் விடவில்லை, நம் பிள்ளைகள் ஓட்டுபவர்களாகவும் அந்த வரிசையில் நிற்க வேண்டும்.

மேக்னெட்டோ_மாமா

அதுதான் சரியான பேச்சு.

டோங்காட்_அக்கா

நிற்பதற்கு வண்டி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று சொல்லலாமா? எங்கள் தாத்தா பக்கவாட்டில் பெட்டி கட்டிய பிஎஸ்ஏ எம்20 வண்டி வைத்திருந்தார். தோட்டத்துக் கத்தரிக்காய், பீன்ஸ், கொத்தமல்லி எல்லாம் ஏற்றிக்கொண்டு விடியுமுன் டர்பன் வார்விக் பக்கத்து மார்க்கெட்டுக்கு அதில்தான் போவார். அம்மா சொல்வார், மழை நாளில் கொத்தமல்லிக் கட்டுக்கு மேல் தாத்தா தன் கோட்டைப் போட்டுவிட்டு நனைந்துகொண்டே ஓட்டுவாராம். வண்டி இன்னும் கொட்டகையில் இருக்கிறது, ஓடாது. மாமா, இதைச் சரி பண்ணினால் டிஜேயில் சேர்க்க முடியுமா?

மேக்னெட்டோ_மாமா

அக்கா, எம்20 என்றால் முடியாது. அந்த மாடல் 1937 இல்தான் வந்தது, எல்லை 1936. யுத்தத்துக்காக லட்சத்துக்கு மேல் செய்தார்கள், யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து வண்டிகளை மலிவாக விற்றார்கள், நம் தோட்டக்காரர்கள் கைக்கு அவை வந்தது அப்படித்தான். பக்கவால்வு 500 சிசி, வேகம் கிடையாது, ஆனால் எத்தனை மூட்டை ஏற்றினாலும் இழுக்கும். அதனால்தான் தாத்தா அதை வைத்திருந்தார்.

ஒரு தடவை எஞ்சின் எண்ணை மட்டும் துடைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், இடது பக்கம் சிலிண்டருக்குக் கீழே அடித்திருக்கும். எம்20 தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, பார்த்தால் அதற்கு முந்தின மாடலாக இருப்பதும் உண்டு. எதுவாக இருந்தாலும் விற்றுவிடாதீர்கள். வண்டி வாங்குகிறவன் வந்து இது வெறும் இரும்பு என்று சொல்வான், நம்பாதீர்கள். டிஜே இல்லாவிட்டால் 1945 வரை, 1960 வரை என்று வயது வைத்து நடத்தும் வேறு ஓட்டங்கள் உண்டு.

ஃபீனிக்ஸ்_அப்பா

பையன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் கேள்வி: நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்?

பழையரோடு103

உட்கார்ந்து சரி பண்ணுவார்கள், அதுதான் பார்க்க வேண்டிய காட்சி. செயின் அறும், ட்யூப் பஞ்சர் ஆகும், ஏதாவது நட் கழன்று எங்கோ ரோட்டில் போயிருக்கும். கருவிகளைச் சாக்குத் துணியில் சுருட்டி வைத்திருப்பார்கள், அதை விரித்து ரோட்டோரம் மண்டி போட்டுவிடுவார்கள். ரொம்பத் தொல்லை கொடுப்பது மேக்னெட்டோ, ஸ்பார்க்குக்கு மின்சாரம் உண்டாக்கும் பாகம். அதன் உள்ளே கம்பிச் சுருளில் பழைய காலத்தில் அரக்குப் பூசியிருப்பார்கள். எஞ்சின் சூட்டில் அரக்கு இளகும், ஸ்பார்க் போகும், வண்டி நிற்கும். அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும், பத்து கிலோமீட்டர் போய் மறுபடி நிற்கும். முடியவே முடியாது என்றால் கடைசியில் டிரெய்லர் வந்து ஏற்றிக்கொள்ளும். ஆனால் யாரும் அதில் ஏற விரும்ப மாட்டார்கள், இருட்டும் வரை போராடுவார்கள்.

பையனுக்கு ஒன்று சொல்லுங்கள். யாராவது நின்றிருந்தால் கிட்டப் போய், உதவி வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டதற்கு யாரும் கோபித்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள், அதில் கற்றுக்கொள்வது ஏராளம்.

வெருலம்_தங்கச்சி

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று இருக்கிறதே, கேனன்பால் என்று, அதை விடியோவில் பார்த்தேன். ரொம்ப நாள் ஓட்டுகிறார்கள்.

மேக்னெட்டோ_மாமா

ஆமாம், அது இதைவிடப் பல மடங்கு நீளம். 2010 இல் முதல் தடவை, ரைட் சகோதரர்கள் விமானம் ஓட்டிய கிட்டி ஹாக் கரையிலிருந்து கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா வரை, 5,000 கிலோமீட்டருக்கு மேல், 1916க்கு முந்தின வண்டிகளில். பெயர் கேனன்பால் பேக்கர் என்ற ஓட்டக்காரரின் நினைவாக வைத்தது. 1914 இல் அவர் ஓர் இண்டியனை சான் டியேகோவிலிருந்து நியூயார்க் வரைக்கும் பதினொன்றரை நாளில் ஓட்டிச் சேர்த்தார், வழியில் நல்ல ரோடே அதிகம் கிடையாது. கேனன்பால் ஓட்டத்தில் பிறகு 1916க்குப் பிந்தின வண்டிகளையும் விட்டார்கள்; 2014 இல் அதை ஜெயித்தவர் நம் தென்னாப்பிரிக்கர், 1924 ஆம் வருட இண்டியன் சீஃப் வண்டியில். இங்கே மேடும் மூடுபனியும் கற்றுக்கொடுப்பதை அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி என்று நான் நினைக்கிறேன்.

லெனேசியா_குமரன்

எனக்கு இன்னொரு சந்தேகம். பிஸ்டன் புதுசு, டயர் புதுசு, ஸ்போக் புதுசு, கேபிள் புதுசு. இவ்வளவும் மாற்றிய பிறகு அதைப் பழைய வண்டி என்று எப்படிச் சொல்வது?

மேக்னெட்டோ_மாமா

1925 இல் ஓட்டியவரும் பிஸ்டன் மாற்றினார், டயர் மாற்றினார். தேய்வதற்காகவே செய்த பாகங்கள் அவை, மாற்றாவிட்டால்தான் தப்பு. ஃபிரேம், எஞ்சின் கூடு, கியர்பாக்ஸ், முன்சக்கரத்தைத் தாங்கும் கர்டர் ஃபோர்க், இவை அந்தக் காலத்தியவையா என்று பாருங்கள். எனக்கு மனசு ஒப்பாதது ஒன்றே ஒன்று: மேக்னெட்டோ கூட்டைக் காலி பண்ணி உள்ளே பாட்டரியும் எலக்ட்ரானிக் ஸ்பார்க்கும் ஒளித்து வைப்பது. ஓடும், சுலபமாக ஓடும். ஆனால் அந்த வண்டியை ஓட வைக்கத் தெரிந்த கை அப்போது தேவைப்படாமல் போகிறது. அரக்குக்குப் பதில் சூடு தாங்கும் பிசின் பூசிச் சுருளைப் புதுசாகச் சுற்றுங்கள், அதை நான் மதிப்பேன். இங்கேயே அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, யாராவது இளவட்டங்கள் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் தேவலை.

நியூகாசில்காரன்

ஒத்துக்கொள்ள முடியவில்லை மாமா. எழுபது வயதில் மனிதர் ஓட்டுகிறார், பிக்கர்ஸ்பெர்க் ஏற்றத்தில் இருட்டப் போகிற நேரத்தில் ஸ்பார்க் போய் லாரிகளுக்கு நடுவே நின்றால் யார் பொறுப்பு? கொட்டகையில் கிடப்பதைவிட எலக்ட்ரானிக் போட்டு ஓடுவது மேல்.

மேக்னெட்டோ_மாமா

லாரி விஷயத்தில் உங்கள் பயம் எனக்கும் உண்டு. மற்றதில் நான் மாற மாட்டேன்.

டோங்காட்_அக்கா

எண் துடைத்துப் பார்த்தேன். டபிள்யூஎம்20 என்று தொடங்குகிறது.

மேக்னெட்டோ_மாமா

அப்படியானால் சந்தேகமே இல்லை, யுத்தகாலத்துப் பட்டாள வண்டி. டிஜே கிடையாது, மற்ற ஓட்டங்களுக்குத் தாராளமாகப் போகும். முதல் வேலையாக பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு வாரம் அப்படியே விடுங்கள். பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கும் ஆசை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிக்கரை யாரும் மிதிக்கக் கூடாது. அடுத்த மாதம் டோங்காட் பக்கம் வருகிறேன், சேர்ந்து திறக்கலாம்.

ஃபீனிக்ஸ்_அப்பா

மாமா, அந்த நாளில் நாங்களும் வரலாமா? பையன் கேட்கிறான்.

டோங்காட்_அக்கா

வாங்க வாங்க. சாப்பாடு இங்கேதான்.

பழையரோடு103

ஃபீனிக்ஸ் தம்பி, போகும் முன் நடைமுறை விஷயம். இருட்டோடு கிளம்பிவிடுங்கள், புறப்பாடு விடிகிற நேரம். இஞ்சாங்காவுக்கு அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமென்றால் பழைய ரோட்டில் அவர்கள் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் என்3 நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி வாருங்கள். ஹில்கிரெஸ்ட் பக்கம் மூடுபனி இறங்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுச்சோறு கொண்டுபோங்கள், கடை தேடிப் போனால் நான்கு வண்டியைத் தவறவிடுவீர்கள். காரை ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.

மேட்டில் எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள். இறக்கத்தில் மட்டும் வளைவுக்கு வெளிப்பக்கம் பையனை நிற்க விடாதீர்கள். அந்த வண்டிகளில் முன் பிரேக் பேருக்குத்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை. ஓட்டுபவர் எஞ்சினின் இழுவையை வைத்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும், உங்களுக்காகத் திடீரென்று அவரால் நிறுத்த முடியாது.